முதலியாரின் செருமல்

தொண்டையைச் சுகப்படுத்தும் என்று நம்பி ஒரு வருடத்துக்கும் மேலாக நான் சூப்பிக்கொண்டிருந்த புதினா இனிப்புத்தான் என் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நீதிமன்றக் கன்ரீனில் யாராவது இன்னும் அலங்காரமாகச் சொல்வார்கள். காலையில் இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லி, மத்தியானம் தேசிக்காய் பிழிந்த சுடுநீர், பின்னேரம் மிளகு தூக்கலாக ஒரு ரசம், இடையிடையே புதினா. நோய்க்கு வேளை தவறாமல் சாப்பாடு போட்டு வளர்த்தேன். பெற்ற பிள்ளைகளைக்கூட நீங்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்பாள் என் மனைவி.

நீங்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சிங்களத்தில் கேட்கப்படும் கேள்வியைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வது, சாட்சியின் தமிழ்ப் பதிலை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்வது, இதுதான் வேலை. பழைய வழக்கப்படி நம்மைக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இன்னமும் ‘முதலியார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் அதைக் கேட்கும்போது முதுகு தானாக நிமிரும். பிறகு, மின்விசிறியைப் போடச் சொல்லும்போதும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள் என்று விளங்கும். சட்டச் சொற்களையும் நடைமுறைகளையும் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓய்வு வயது வருமுன்பே வேலையை விட்டுக்கொண்டவன். என்னிடம் சொல்லித்தர மிச்சமிருப்பது ஒரு வியாதி மட்டும்தான்.

அது இப்படித் தொடங்கியது. விடிய எழும்பினால் தொண்டைக்குள் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். விழுங்கினால் போகாது, துப்பினால் வராது. செருமினால் ஒரு கணம் விலகி நின்று, அடுத்த கணம் பழைய இடத்தில் வந்து உட்காரும். மத்தியானத்துக்குள் குரல் கரகரத்துவிடும். நெஞ்செரிவு இல்லை, புளித்த ஏப்பம் இல்லை, வயிற்றிலிருந்து எந்த முறைப்பாடும் இல்லை. அதனால் வயிற்றைச் சந்தேகிக்க எனக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

வேறு உத்தியோகத்தில் செருமல் ஒரு சத்தம். நம் உத்தியோகத்தில் அது ஒரு சொல். நம்மவர்களிடம் செருமலுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறதென்று பாருங்கள். மாமனார் வாசலில் நின்று செருமினால், ‘வந்துவிட்டேன், சிரிப்பை நிறுத்துங்கள்’. குளியலறைக்குள்ளிருந்து செருமினால், ‘ஆள் இருக்கிறது’. ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் செருமினால், ‘இவர் விடுவதை நம்பாதீர்கள்’.

ஒரு நாள் ஒரு சாட்சி, தனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்றார். நான் செருமிவிட்டுத்தான் மொழிபெயர்த்தேன். பின் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் உண்மையாகவே குடிக்காதவர். வெளியே வந்ததும் என்னைத் தேடிப் பிடித்து, “ஐயா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அதற்கும் முதலில் செருமல்தான் வந்தது.

ஆகவே வைத்தியம் தேடினேன்.

நான் இருக்கும் வெள்ளவத்தையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. வைத்தியம் சொல்பவர்களுக்கு அறவே பஞ்சமில்லை. குடும்ப வைத்தியர் சளி என்றார். சளிக்குரிய மாத்திரை முடிந்தது, சளி என்று சொல்லப்பட்டது முடியவில்லை. அடுத்தது விசேட வைத்தியர். நம்மூரில் அவரைப் பார்க்க நம்பர் எடுப்பதற்குச் ‘சனல் பண்ணுவது’ என்று பெயர். பெயர் பொருத்தமானதுதான். தொலைக்காட்சியைப் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போகலாம், எதிலும் நமக்கு வேண்டியது ஓடாது. நெஞ்சு வைத்தியர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, மிகவும் சுத்தமான நெஞ்சு என்றார். மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். ஒவ்வாமை வைத்தியர் வீட்டுத் திரைச்சீலைகளைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். எதிர் மாடியில் இருப்பவர்கள் எங்கள் குடும்ப வாழ்க்கையைப் பார்க்கத் தொடங்கினார்கள், செருமல் மட்டும் அப்படியே இருந்தது.

தொண்டை வைத்தியர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். கதைப்பதைக் குறைக்கச் சொன்னார். நீதிமன்றத்தில் நான் கதைப்பதில்லை, மற்றவர்கள் கதைப்பதைத்தான் கதைக்கிறேன் என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அடுத்த நோயாளி என் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

வைத்தியர்களாவது படித்தவர்கள். தெஹிவளையில் இருக்கும் மச்சான் கற்பூரவள்ளியை மென்று சாறை விழுங்கச் சொன்னார். அலுவலக நண்பர் ஒருவர் சாராயத்தால் கொப்பளிக்கச் சொன்னார். துப்பவேண்டுமா என்று கேட்டதற்கு அது என் மனச்சாட்சியைப் பொறுத்தது என்றார். மேல் மாடிக்காரி கண்ணூறு என்றார். என் தொண்டையைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மனைவியின் முடிவு எல்லாவற்றிலும் சுருக்கமானது: “உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்க்கோணும் எண்டு செருமிறியள்.”

நோயைவிட எரிச்சல் தந்தது இதுதான். எங்கே போனாலும் ‘ஒன்றுமில்லை’. நோய் இருக்கிறது என்று சொல்லும் வைத்தியரை வெறுக்கலாம். ஒன்றுமில்லை என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு, காலிக்குப் போகும் பெருவீதியில் செருமிக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்கவேண்டும்.

அந்த நாட்களில்தான் பிலோமினாவின் வழக்கு எங்கள் மன்றத்துக்கு வந்தது.

பிலோமினா, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடையொன்றில் வேலை செய்பவர். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் அவருடைய தாய் வாடகைக்கு இருந்த வீட்டில் இருந்தார். தாய் காலமானதும் உரிமையாளர் வீட்டை விடச் சொன்னார். தாய் உயிரோடு இருந்த காலத்தில் மகள் அங்கே குடியிருக்கவில்லை, செத்தவீட்டுக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார் என்பது உரிமையாளரின் கதை. தாயோடு கூடவே இருந்தேன் என்பது பிலோமினாவின் கதை. கூட இருந்த பிள்ளைக்குத்தான் வாடகை உரிமை சேரும். இருந்தாரா இல்லையா, அவ்வளவுதான் வழக்கு. காகிதங்கள் அவர் பக்கம் பலமாக இல்லை. நீதிபதி அவருடைய வாயை நம்பினால் வீடு, நம்பாவிட்டால் தெரு. அந்த வாய்க்கும் நீதிபதிக்கும் இடையில் நான் நின்றேன், என் பருக்கையோடு.

உரிமையாளரின் சட்டத்தரணி மெல்லிய குரலில் பேசுபவர். கத்துகிற சட்டத்தரணிகளுக்குப் பயப்படாதீர்கள். அவர்கள் தங்கள் கட்சிக்காரருக்குக் கேட்கட்டும் என்று கத்துகிறார்கள். மெல்லிய குரல்காரர்கள் நீதிபதிக்கு மட்டும் பேசுகிறார்கள். இவர், தாய் இறந்த அன்றிரவு சாட்சி எங்கே இருந்தார் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பிலோமினா உடனே, “அம்மா பக்கத்துல” என்றார். நான் வாயைத் திறந்தேன். பருக்கை ஏறியது. செருமினேன். விலகவில்லை, மறுபடியும் செருமினேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன்.

நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். குனிந்து எழுதுபவரின் காதுக்கு என்ன வந்து சேரும்? ஒரு கேள்வி, ஒரு இடைவெளி, இரண்டு செருமல், அதன் பிறகு ‘அம்மாவின் பக்கத்தில்’. தாய் இறந்த இரவில் எங்கே இருந்தாய் என்றால், இருந்தவள் இப்படியா இழுப்பாள்? நீதிபதியின் மொழியில் சாட்சிக்கு இருப்பது என் குரல்தான். என் தயக்கமெல்லாம் அவள் தயக்கம். இதை மூளையில் எழுதி வையுங்கள்: நீங்கள் கொட்டாவி விட்டாலும் அது சாட்சியின் கணக்கில்தான் போகும்.

எங்கே சமைத்தார், யார் தண்ணீர் பிடித்தார், கோவிலுக்கு யாரோடு போனார் என்று கேள்விகள் வந்தன. பிலோமினா பட்டுப் பட்டென்று சொன்னார். நான் செருமிச் செருமி ஒப்படைத்தேன். எனக்கு முன்னமே அந்தச் சட்டத்தரணி இதைக் கவனித்துவிட்டார். மிகவும் பணிவாக, இவ்வளவு எளிய கேள்விகளுக்குச் சாட்சி எடுத்துக்கொள்ளும் நேரத்தை மன்றம் கவனத்தில் எடுக்கவேண்டும் என்றார். நீதிபதி ஏதோ எழுதினார்.

சொன்னதைச் சாட்சிக்கு மொழிபெயர்ப்பது என் கடமை. மொழிபெயர்த்தேன். பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீதிபதியிடம் சொன்னார்: “நான் எங்க ஐயா யோசிச்சேன்? இவருதான் இழுக்குறாரு.”

நமது முதல் விதி உங்களுக்குத் தெரியும். சாட்சி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’. ‘சாட்சி இப்படிச் சொல்கிறார்’ என்று வால் ஒட்டக்கூடாது. ஆகவே நான் நீதிபதியைப் பார்த்துச் சிங்களத்தில், நான் யோசிக்கவில்லை, இவர்தான் இழுக்கிறார் என்றேன். ‘இவர்’ என்னும்போது சாட்சி என்னைக் கை காட்டியிருந்தார். நானும் என்னையறியாமல் கையை உயர்த்தினேன். என்னை நானே எப்படிக் காட்டுவது? கை சட்டத்தரணியின் பக்கம் போய் நின்றது. அவர் எழுந்து, தன்னைச் சாட்சி குற்றம் சொல்வதாக ஆட்சேபித்தார். நீதிபதி நிமிர்ந்து, யார் இழுப்பது என்று கேட்டார். அதைச் சாட்சியிடம் தமிழில் கேட்டேன். பிலோமினா என்னைப் பார்த்து, “நீங்கதான்” என்றார்.

நான் நீதிபதியைப் பார்த்து, மிகத் தெளிவான சிங்களத்தில், “நீங்கள்தான்” என்றேன்.

ஒரு செருமல்கூட வரவில்லை. அந்த வருடம் முழுவதும் நான் சுத்தமாகச் சொன்ன ஒரே பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

மன்றத்தின் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. விதிப்படி வாயை மூடிக்கொண்டு நின்றால் என் மானம் தப்பும், பிலோமினா ஒரு தடுமாறுகிற பொய்க்காரி என்று பதிவாகும். விதியை மீறினால் கேலிக்கு ஆளாவேன். மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் ஒன்று சொல்ல அனுமதி கேட்கிறார் என்றேன். தயக்கம் சாட்சியுடையது அல்ல, என் தொண்டையுடையது என்றேன்.

சட்டத்தரணி மெல்லிய குரலில், முதலியாருக்கு என்ன வருத்தம் என்று மன்றம் அறியலாமா என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்வது? வைத்தியர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றேன். உண்மையைத்தானே சொல்லவேண்டும். அப்படியானால் தொண்டையில் ஒன்றுமில்லை என்று முதலியாரே ஒத்துக்கொள்கிறார் என்றுவிட்டு அவர் அமர்ந்தார். நீதிபதி வழக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப் போட்டார்.

வெளியே விறாந்தையில் பிலோமினா என்னை மறித்தார். கோபமாக இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. வேறு ஒருவரைப் போடச் சொல்லிக் கேட்கவா என்றேன். வேறு ஆள் என்றால் இன்னொரு தவணை போகுமா என்று கேட்டார். ஆளில்லாத காலம், போகும் என்றேன்.

“அப்ப நீங்களே வாங்க. ஆனா சொகமாகிட்டு வாங்க ஐயா. உங்க தொண்டைக்காக நான் கடையில இன்னொரு லீவு சொல்லுறேன், அது போகட்டும். வீடு போச்சுன்னா நான் எங்கிட்டுப் போறது?”

அன்று பின்னேரமே இன்னொரு தொண்டை வைத்தியரைச் சனல் பண்ணினேன். இளம் பெண். வாயைத் திறக்கச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். தொண்டைக்கு வந்தவனிடம் சாப்பாட்டைப் பற்றி என்ன கேள்வி என்று எரிச்சலோடு சொன்னேன்: வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, குளித்து, செய்தி பார்த்து, பத்து மணியளவில் சாப்பிட்டு, உடனே படுக்கை. அவர் தலையை ஆட்டிவிட்டு மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டார். அந்த அனுபவத்தை வர்ணிக்க மாட்டேன்; என் மூக்கு இன்றைக்கும் அவரை மன்னிக்கவில்லை. திரையில் என் குரல்வளையைக் காட்டினார். அதன் பின்பக்கம் சுடுநீர் பட்ட தோல்போலச் சிவந்து வீங்கிக் கிடந்தது. அத்தனை பேர் ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோதுகூட வரவில்லை.

“சைலண்ட் ரிஃப்ளக்ஸ்,” என்றார் வைத்தியர். “வயித்து அமிலம் படுக்கிற நேரம் மேல வருது. நெஞ்சு எரியாது. தொண்டைதான் அடி வாங்கும்.”

சத்தமில்லாததா என்று கேட்டேன்.

“அமிலத்துக்குச் சத்தமில்லை, அங்கிள். உங்களுக்குத்தான் சத்தம்.”

பிறகு என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புதினா டப்பாவை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். புதினா, வயிற்று வாசலைத் தளர்த்தி அமிலத்தை மேலே விடுகிறதாம். இஞ்சி, எலுமிச்சை, மிளகு எல்லாவற்றையும் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் ஒருவிதமாகப் போனது. சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, இருட்டுமுன் இரவுச் சாப்பாடு, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே செங்கல். தேநீர், கோப்பி, உறைப்பு, பொரியல், புளிப்பு, சொக்கலேட் நிறுத்தம். பலன் தெரிய மாதக்கணக்காகும் என்றார். வழக்கு அதற்கு முன்னமே வரும் என்றேன். அப்போதுதான் அந்த முக்கியமான விஷயத்தைச் சொன்னார். செருமவே கூடாதாம். செருமச் செரும வீக்கம் கூடும், வீங்க வீங்கச் செருமல் வரும். வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் தலையைக் குனிந்து, நாடியை நெஞ்சோடு தாழ்த்தி எச்சிலை அழுத்தி விழுங்கவேண்டும். முப்பது வருடம் மற்றவர்களின் சொற்களை விழுங்காமல் ஒப்படைத்தவனுக்கு இப்போது விழுங்கப் பயிற்சி.

நோய்க்குப் பெயர் கிடைத்தால் சனம் மதிக்கும் என்று நினைத்தேன். சீனி வருத்தம் என்றால் பக்குவமாகத் தனிச் சாப்பாடு வைக்கிறார்கள். பிரஷர் என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் சைலண்ட் ரிஃப்ளக்ஸ் என்று விளக்கி முடித்ததும், “ஓ, காஸ்ட்ரிக்” என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, உள்ளிப்பூண்டு அவித்துச் சாப்பிடச் சொன்னார்கள். யாருடைய வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது, சம்பந்தத்தை முறிப்பதற்குச் சமம். “சும்மா ஒரு வாய் குடியுங்கோ, பால் தேத்தண்ணிதானே” என்று கெஞ்சுவார்கள். ஊரெல்லாம் பின்னேரத் தேநீருக்கு ரோல்ஸ் கடிக்கும் நேரத்தில் நான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். உறைக்கும் கட்டச்சம்பல் இல்லாத இடியப்பம், புளி விடாத சொதி. ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் விருந்துக்கு உட்கார்ந்ததுபோல இருக்கும்.

செங்கல் வைத்த கட்டிலிலே நாங்கள் இருவரும் தூக்கத்தில் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்ச் சேருவோம். மனைவி மூன்றாம் நாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். “நான் சமனான கட்டிலிலதான் வாழ்க்கைப்பட்டனான்,” என்றுவிட்டு மகளின் அறைக்குப் போய்விட்டாள்.

பிலோமினாவின் தவணை வந்தது. இந்த முறை ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தேன். விசாரணை தொடங்குமுன் பதிவாளர் மூலம் நீதிபதிக்கு என் தொண்டை வருத்தத்தைத் தெரியப்படுத்தி, தண்ணீர்ப் போத்தல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். உங்களுக்கு இருமல், காது மந்தம், மூலம் எது இருந்தாலும் நீதிபதி வந்து அமருமுன் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் அது சாட்சியத்துக்குள் விழும்.

குறுக்கு விசாரணை தொடர்ந்தது. கேள்வி, பதில், ஒரு வாய் தண்ணீர், மொழிபெயர்ப்பு. இரண்டொரு செருமல் தப்பி வந்தது. பெரும்பாலும் சமாளித்தேன். பிலோமினா என் பக்கம் திரும்பாமல், சோதனைக்கு வந்த பிள்ளையைப்போலச் சாட்சிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது சட்டத்தரணி, யோசனையில்லாதவர்போல, கொட்டாஞ்சேனையில்தான் பிறந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பிலோமினா, ஓம், அங்கேதான் பிறந்தேன், அங்கேதான் வளர்ந்தேன் என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டார்.

நல்ல, பிழையில்லாத சிங்களம். கொட்டாஞ்சேனையில் பிறந்தவருக்கு வேறு எப்படி இருக்கும்?

சட்டத்தரணி சிரிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் சிரிப்பதில்லை. சாட்சிக்குச் சிங்களம் நன்றாகத் தெரிகிறது என்றார். தன் கேள்வி சாட்சியின் காதில் ஒருமுறை சிங்களத்தில் விழுகிறது, பிறகு தமிழில் ஒருமுறை விழுகிறது, முதலியார் தண்ணீர் குடிக்கும் நேரமும் கிடைக்கிறது, பதிலைத் தயாரிக்க வேண்டிய அவகாசம் முழுவதும் அவரிடம் இருக்கிறது. அவருடைய எந்தப் பதிலையும் தன்னிச்சையானதென்று எடுக்க முடியுமா என்று கேட்டார்.

முந்திய தவணையில் என் தொண்டை தோண்டிய குழிக்குள் பிலோமினாவே காலை வைத்துவிட்டார். விளங்கியிருந்தும், விதிப்படி, சட்டத்தரணி சொன்னதைப் பிலோமினாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை.

“மீன் வாங்குறதுக்குச் சிங்களம் இருக்கு எங்கிட்ட. பஸ்ஸுல சண்டை போடவும் இருக்கு. வீட்டைப் பத்தி இங்க பேசுறப்ப ஒரு சொல்லு பிழைச்சாலும் வீடு போயிரும். அந்தளவு சிங்களம் எங்கிட்ட இல்ல.”

இப்போது என் முறை. பருக்கை ஏறியது, அன்றைக்குப் பருக்கையாக இல்லை, ஒரு கவளமாக ஏறியது. தண்ணீர்ப் போத்தல் வெறுமையாக இருந்தது. இந்த இடத்தில் செருமினால் அர்த்தம் ஒன்றுதான்: ‘இவள் சொல்வதை நம்பாதீர்கள்’. கண்ணை இறுக மூடினேன். நாடியை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கினேன். போகவில்லை. இன்னொரு தடவை விழுங்கினேன். ஏதோ கொஞ்சம் வழி விட்டது. இன்னொரு ஆசையையும் சேர்த்து விழுங்கவேண்டியிருந்தது. நல்ல வசனம் கிடைத்தால் நமக்கு அதைக் கொஞ்சம் மெருகேற்றத் தோன்றும், பஸ் சண்டையை விட்டுவிடலாமே, ‘வீடு’ என்பதை ‘இல்லம்’ ஆக்கலாமே என்று. செய்யாதீர்கள். மீனை மீனாகவும் சண்டையைச் சண்டையாகவும் சிங்களத்தில் வைத்தேன். ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது.

கண்ணைத் திறந்தபோது நீதிபதியின் பேனா மேசையில் கிடந்தது. அவர் குனிந்திருக்கவில்லை, பிலோமினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணியிடம், அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார்.

தீர்ப்பு சில மாதங்கள் கழித்து வந்தது. வீடு பிலோமினாவுக்குத் தங்கியது. சாட்சி ஒளிவுமறைவின்றிப் பதிலளித்தார் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கீழே என் பெயர் இல்லைதான். ஆனாலும் ஒரு வீட்டையே இரண்டு விழுங்கலில் தாங்கிப் பிடித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. மனைவியிடம் அந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருந்தேன். அவள் மகளின் அறையிலிருந்தபடியே கேட்டிருந்தாள்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு விறாந்தையில் பிலோமினா சந்தோஷமாக நின்றார். சுகம் விசாரித்தார். முக்கால்வாசி சுகம், சம்பலைத் தொட்டால் திரும்பி வருகிறது என்றேன். கொஞ்சம் சுற்றி வளைத்து, அந்த மீன் வசனத்தைச் செருமாமல் சொல்லி முடிக்க நான் பட்ட பாட்டை எடுத்துச் சொன்னேன்.

“அதுவா?” என்றார் பிலோமினா. “நான் சொல்லி முடிக்கையிலேயே ஜட்ஜ் ஐயா சிரிச்சுட்டுப் பேனாவைக் கீழ வெச்சுட்டாரே. அவருக்குத் தமிழ் நல்லா விளங்கும் போல. நீங்கதான் கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்க. மயக்கம் வந்து விழப் போறீங்களோன்னு அவரும் நானும் உங்களையேதான் பார்த்துக்கிட்டிருந்தோம்.”